பேணுவாரைப் பேணாத மருத்துவமனை

மருத்துவமனை என்றதும் நம் நினைவுக்கு வருபவர் மருத்துவர். அடுத்து வருபவர் நோயாளி. அதற்கும் அடுத்து வருவது மருந்து. இம்மூன்றோடு எண்ணிக்கையை முடித்துக்கொள்வது நம் வழக்கம். திருவள்ளுவர் அவ்வாறு முடிக்கவில்லை. ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் உண்டு என வகுத்து, நோயாளியின் அருகிருந்து பேணுபவனை நான்காம் கூறாக வைத்தார். மருந்துக்கு ஒப்ப, மருத்துவனுக்கு ஒப்ப, பேணுபவனையும் எண்ணினார்.

இன்றைய பெரிய மருத்துவமனையில் இந்த நான்காம் கூறு ஒருவர் அல்லர், ஒரு பெருங்கூட்டம். மூன்று முறைகளில் மாறி மாறி வரும் செவிலியர், இரவெல்லாம் விழித்திருக்கும் உறைவிட மருத்துவர், வார்டு பாய், துப்புரவுப் பணியாளர் எனப் பலர் அதில் அடங்குவர். தமிழ்நாட்டில் ஆயா என்றும், இந்த மும்பையில் சின்னம்மா, பெரியம்மா எனப் பொருள்படும் ‘மாவ்ஷி’ என்றும் அழைக்கப்படும் பெண்களும் இக்கூட்டத்தினரே. நோயாளி மருத்துவரைக் காண்பது நாளில் சில நிமிடம். எஞ்சிய நேரமெல்லாம் அவர் இருப்பது இவர்கள் கையில்தான்.

இவர்களை ஆளும் முறையில் மருத்துவமனை நிருவாகங்கள் பல ஒரே பிழையை மீண்டும் மீண்டும் செய்கின்றன. வேலையின் அமைப்பில் உள்ள குறையை, வேலை செய்பவரின் குறையாகக் கொள்வதே அப்பிழை. அமைப்பைத் திருத்துவதற்கு மாறாக ஆளைத் திருத்த முயல்கின்றன. அடியாத மாடு படியாது என்னும் பழமொழியே அந்நிருவாகங்களுக்கு வேதம். அந்த வேதத்தின் விளைவு யாது என்பதை அறிவியல் முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மும்பைத் தமிழருக்கு இது ஊரார் வீட்டுச் செய்தி அன்று. தாராவியில் எவருக்கேனும் நோய் முற்றினால் நாம் ஓடுவது, லோகமான்ய திலகர் பெயரைத் தாங்கிய சயான் மாநகராட்சி மருத்துவமனைக்கு. நம் குடும்பத்துப் பெண்கள் பலர் செம்பூரிலும் காட்கோபரிலும் தனியார் மருத்துவமனைகளில் ஆயாக்களாக உழைக்கிறார்கள். கட்டிலில் கிடப்பவரும் நம்மவர். கட்டிலின் அருகில் நிற்பவரும் நம்மவர்.

கை கழுவும் கணக்கு

நான் உயிர் அறிவியலில் முதுநிலைப் பட்டம் பயில்பவன். ஆகவே நுண்ணுயிரிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு நோய்க்காக மருத்துவமனை சென்றவர் அங்கே வேறொரு நோயைப் பெற்றுக்கொண்டு திரும்புவது உண்டு. ஒரு நோயாளியிடமிருந்து மற்றொருவருக்கு நுண்ணுயிர் செல்லும் வழிகளில் முதன்மையானது பணியாளரின் கை. இதைத் தடுப்பது எளிது: கையைத் தூய்மை செய்தால் போதும். எனவே, சுவர்தோறும் ‘கை கழுவுக’ என்னும் பலகை தொங்குகிறது. கழுவாத செவிலியருக்கு மெமோ வருகிறது. பலகையும் பழையபடியே இருக்கிறது. தொற்றும் பழையபடியே இருக்கிறது. ஏன்?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வார்டில் 40 நோயாளிகள். இரவில் ஒரே செவிலியர். ஒவ்வொரு நோயாளியையும் அவர் ஓர் இரவில் ஆறு முறை தொட நேர்கிறது எனக் கொள்வோம். காய்ச்சல் பார்த்தல், ஊசி போடுதல், குளுக்கோஸ் புட்டியை மாற்றுதல், புண்ணுக்குக் கட்டுப் போடுதல் என்று பார்த்தால் ஆறு என்பது மிகையன்று. ஆகமொத்தம் 240 முறை. சோப்பும் நீரும் கொண்டு முறையாகக் கை கழுவ 40 முதல் 60 விநாடி வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒரு முறைக்கு ஒரு நிமிடம் எனக் கொண்டால், 240 நிமிடம்; அதாவது நான்கு மணி நேரம். எட்டு மணி நேரப் பணியில் பாதியைத் தண்ணீர்க் குழாயடியிலேயே கழிக்க வேண்டும்! குழாய்க்கு நடந்து செல்லும் நேரத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை. கட்டளைக்கு முற்றிலும் கீழ்ப்படியும் செவிலியர் நோயாளிகளில் பாதிப் பேரைக் கைவிட வேண்டும். நோயாளிகளைக் கைவிடாத செவிலியர் கட்டளையை மீற வேண்டும். இவ்விரண்டில் எதைச் செய்தாலும் அவருக்கு மெமோ உறுதி.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் சுவிட்சர்லாந்து நாட்டு ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையினர். திதியே பித்தே என்னும் மருத்துவரின் குழுவினர் முதலில் செய்தது தண்டித்தல் அன்று, உற்றுநோக்கல். பணி நெருக்கடி மிகுந்த இடங்களில்தான் கை கழுவுதல் குறைகிறது என்பதைக் கண்டார்கள். குறை மனத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது என்பது தெளிவாயிற்று. உடனே, ஆல்ககால் கலந்த கைத் தேய்ப்புநீரைக் கட்டில்தோறும் வைத்தார்கள்; சட்டைப் பையில் வைத்துக்கொள்ளவும் கொடுத்தார்கள். அதைத் தேய்க்க 20 முதல் 30 விநாடி போதும். அடுத்த கட்டிலுக்கு நடந்துகொண்டே தேய்க்கலாம். 1994-இல் 48 விழுக்காடாக இருந்த கைத்தூய்மை 1997-இல் 66 விழுக்காடாக உயர்ந்தது. மருத்துவமனையில் பெறும் தொற்று ஏறத்தாழ 17 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைந்தது. 2000-ஆம் ஆண்டில் ‘லான்செட்’ இதழில் இது வெளியாயிற்று. இன்று நம் ஊர் மருத்துவமனைகளிலும் கட்டிலருகே காணும் தேய்ப்புநீர்ப் புட்டி உலகெங்கும் பரவியதற்கு இந்த ஆய்வு ஒரு பெருங்காரணம்.

நண்பர்களே, இங்கு நாம் குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்று. ஜெனீவாவில் செவிலியர் மாறவில்லை. அவர்களுடைய வேலை மாறிற்று. ஆளைக் கடிந்து பெற முடியாததை, ஒரு புட்டியை இடம் மாற்றி வைத்துப் பெற்றார்கள்.

புட்டி தீர்க்காத குறை ஒன்றும் உண்டு. அது ஆள் பற்றாக்குறை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா ஐக்கன் என்னும் பேராசிரியரும் துணைவரும் 2002-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். ஒரு செவிலியர் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்தோறும், அறுவைச் சிகிச்சை பெற்றவர் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது என்பதே அது. செவிலியரைக் குறைத்துச் சேமிக்கும் பணத்துக்கு யார் எதைக் கொடுக்கிறார்கள் என்பதை இந்த எண் சொல்லும்.

காய்ச்சலுக்குத் தண்டம்

அடுத்து, விடுப்புக் கொள்கையைப் பார்ப்போம். எங்கள் வரிசையில் நான்காம் வீட்டில் இருக்கும் அக்கா, செம்பூர்ப் பக்கத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஒப்பந்தக்காரர் வழியாக ஆயா வேலை பார்க்கிறார். அங்குள்ள விதி இது: முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடித்தம். காய்ச்சல் முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை என்பது விதி எழுதியவருக்குத் தெரியாது போலும். சென்ற மழைக்காலத்தில் உடம்பு நெருப்பாய்ச் சுட, அவர் வேலைக்குப் புறப்பட்டார். “இன்று போக வேண்டாமே, அக்கா” என்றேன். “காய்ச்சலைப் பார்த்தால் சம்பளம் போகும், தம்பி, சம்பளத்தைப் பார்த்தால் காய்ச்சல் போகாது. எது போனால் தாங்கலாம், நீயே சொல்” என்று சொல்லிவிட்டு, ஒரு மாத்திரையை விழுங்கிப் போய்விட்டார். அவர் அன்று போய் நின்ற இடம், அறுவை முடிந்த நோயாளிகள் படுத்திருக்கும் வார்டு.

இந்த விதியை எழுதியவர் அக்காவைக் கெடுக்க எண்ணி எழுதியிருக்க மாட்டார். பொய்க் காரணம் சொல்லி விடுப்பு எடுப்பவரைத் தடுக்க எண்ணியிருப்பார். ஆனால் விதிக்குப் பொய்க் காய்ச்சலும் மெய்க் காய்ச்சலும் ஒன்றே. சளிக்காய்ச்சல் எனப்படும் இன்புளுவென்சா, நோய்க்குறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பிருந்து, தோன்றிய பின் ஐந்து முதல் ஏழு நாள் வரை பிறருக்குப் பரவக்கூடியது. அத்தகைய நோயோடு ஒருவரை வார்டுக்குள் வரவழைக்கும் விதி, நுண்ணுயிருக்கு வண்டி வைத்துக் கொடுப்பதாகும். ஒரு நாள் கூலியை மிச்சம் பிடித்த நிருவாகம், தொற்றிய நோயாளிகளின் கூடுதல் நாள்களை எந்தக் கணக்கில் எழுதும்?

கொரோனாக் காலத்தில் இந்த நகரமே இதற்குச் சான்று கண்டது. 2020 ஏப்ரல் முதல் வாரத்தில், மும்பை சென்ட்ரலில் உள்ள வொக்கார்ட் மருத்துவமனையில் செவிலியர் 26 பேருக்கும் மருத்துவர் மூவருக்கும் தொற்று உறுதியாயிற்று. மாநகராட்சி அம்மருத்துவமனையைத் தடைசெய்யப்பட்ட பகுதியாக அறிவித்து மூடியது. அறிகுறி ஏதுமின்றி வந்த ஒரு நோயாளியிடமிருந்து தொற்று பரவியது என்பது நிருவாகத்தின் விளக்கம். பாதுகாப்புக் கருவிகளும் சோதனையும் வேண்டிய நேரத்தில் கிடைக்கவில்லை என்பது செவிலியர் சங்கத்தின் குற்றச்சாட்டு. நீதிபதி போல் இதில் தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. அறிவியல் மாணவன் சொல்லக்கூடியது இவ்வளவே: அறிகுறி தோன்றுவதற்கு ஒரிரு நாள் முன்னரே பரவும் நோய்க்கு, அறிகுறி தோன்றிய பின் நடவடிக்கை எடுப்பது என்னும் முறை பொருந்தாது. அத்தகைய நோயின் முன், நோயாளியைத் தொட்ட பணியாளரைத் தனியே இருத்தி, அந்த நாள்களுக்குச் சம்பளமும் கொடுப்பது தயவு அன்று. அதுவே தடுப்பு மருந்து.

அதே மாதத்தில்தான் நம் தாராவியிலும் நோய் புகுந்தது. இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்குள் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் இடம். என்ன ஆகுமோ என்று உலகமே அஞ்சியது. ‘வீட்டில் தனித்திரு’ என்று கட்டளை மட்டும் இட்டிருந்தால், ஓரறை வீட்டில் எட்டுப் பேர் வாழும் நம்மவர் எங்கே தனித்திருப்பர்? மாநகராட்சி அப்படிச் செய்யவில்லை. வட்டாரத் தனியார் மருத்துவர்களைத் துணைக்கு அழைத்தது. வீடு வீடாகச் சென்று சோதித்தது. பள்ளிகளிலும் மண்டபங்களிலும் இடம் தந்து, உணவும் தந்தது. கட்டளைக்குக் கீழ்ப்படிய வழியும் செய்து கொடுத்ததால் மக்கள் கீழ்ப்படிந்தார்கள். 2020 சூலை 10 அன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவியின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். ஒரு சேரி முழுவதற்கும் செய்யக்கூடியதை ஒரு மருத்துவமனைக்குள் செய்ய முடியாதா?

உறக்கமும் ஒரு மருந்து

இனி உறைவிட மருத்துவரிடம் வருவோம். மேற்படிப்புப் படித்துக்கொண்டே வார்டில் பணிபுரியும் இளைஞர்கள் இவர்கள். நம் வயதினர், இரண்டு மூன்று ஆண்டு மூத்தவர்கள். நாட்டின் பெரிய பொது மருத்துவமனைகளின் இரவு இவர்கள் தோளில்தான் நிற்கிறது. தொடர்ந்து 24 மணி, 36 மணி பணிபுரிவது இவர்களுக்குப் புதிதன்று.

இதைத் தடுக்க விதி இல்லையா? இருக்கிறது. 1992 சூன் 5 அன்று மத்திய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. இளநிலை உறைவிட மருத்துவர் வழக்கமாக வாரத்துக்கு 48 மணியும், ஒரே தொடரில் 12 மணிக்கு மேற்படாமலும் பணிபுரிய வேண்டும் என்றது. படித்தவுடன் மகிழத் தோன்றும். ஆனால் அதே வரியின் தொடர்ச்சியில், பணிச்சுமையையும் ஆள் இருப்பையும் கருதி இந்த நேரத்தை மருத்துவமனைக் கண்காணிப்பாளர் நெகிழ்த்திக்கொள்ளலாம் என்றும் எழுதப்பட்டது. கதவைப் பூட்டிச் சாவியைத் திருடனிடமே கொடுத்த கதை இது. ஆளைக் குறைவாக வைத்தவரே, ஆள் குறைவு என்பதைக் காரணம் காட்டி நேரத்தைக் கூட்டலாம்! முப்பது ஆண்டுக்குப் பின், 2024-இல், மருத்துவ மாணவர் மனநலம் பற்றித் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த குழு வாரத்துக்கு 74 மணிக்கு மேற்படக் கூடாது என்று பரிந்துரைத்தது. விதியில் 48, சீர்திருத்தமாகக் கேட்பதோ 74. நடைமுறை எவ்வளவு தொலைவு சென்றுவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

‘இளமையில் உழைக்கட்டுமே, உழைத்தால்தான் தேர்ச்சி வரும், நாங்களும் அப்படித்தான் வந்தோம்’ என்பர் பெரியவர் சிலர். உழைப்பை நாம் மறுக்கவில்லை. உறக்கமின்மை மூளைக்குச் செய்வதை மட்டும் எடுத்துக்காட்டுகிறோம். ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்னும் இருவர் செய்த சோதனை 1997-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. 24 மணி நேரம் விழித்திருந்தவரின் கையும் கண்ணும் ஒத்துழைக்கும் திறன், இரத்தத்தில் 0.10 விழுக்காடு மது ஏறியவரின் திறன் அளவுக்குத் தாழ்ந்துவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் வண்டி ஓட்டுபவருக்கு விதித்த வரம்பு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 விழுக்காடு. அதன் மூன்று மடங்கு அளவில் மது ஏறியவர் போன்ற ஒருவரை நாம் ஸ்கூட்டர் ஓட்டவும் விடமாட்டோம். ஊசி போட விடுகிறோம்.

இது வெறும் உவமை அன்று. அமெரிக்காவில் போஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரு வகை நேர ஒழுங்குகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 24 மணிக்கு மேல் நீளும் பழைய முறையில் பணிபுரிந்தபோது, நேரம் குறைத்த புதிய முறையைவிடப் பயிற்சி மருத்துவர் செய்த கடும் பிழைகள் 36 விழுக்காடு அதிகம் என்று 2004-இல் வெளியிட்டார்கள். அதே இளைஞர்கள், அதே அறிவு, அதே வார்டு. மாறியது உறக்கம் ஒன்றே.

ஓர் அறையின் விலை

உறங்க நேரம் கிடைத்தாலும் உறங்க இடம் வேண்டும். 2024 ஆகஸ்டு 9 அன்று கொல்கத்தாவின் ஆர். ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் பயிற்சி மருத்துவர் ஒருவர் கொடுமைக்கு ஆளாகிக் கொலையுண்டார். நீண்ட பணிக்கிடையே அவர் ஓய்வெடுக்கச் சென்ற இடம் ஒரு கருத்தரங்க அறை. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து இவ்வழக்கை எடுத்துக்கொண்டது. ஓய்வறை இன்மையையும் 36 மணி நேரப் பணியையும் சுட்டிக்காட்டி, ஆகஸ்டு 20 அன்று தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. அவ்விசாரணையின்போது, அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் ஒரு பழைய பெயரை நினைவூட்டினார். அந்தப் பெயர் நம் நகரத்துக்கு உரியது: அருணா சான்பாக்.

பரேலில் 1926 முதல் இயங்கும் கே. இ. எம். மருத்துவமனையில் அருணா செவிலியர். கருநாடகத்தின் கரையோரச் சிற்றூரிலிருந்து வந்தவர். நம்மைப் போல் பிழைப்புத் தேடி இந்நகரம் அடைந்தவர். 1973 நவம்பர் 27 மாலை, பணி முடிந்து உடை மாற்றுவதற்கு அவர் சென்ற இடம் கட்டடத்தின் ஆளரவமற்ற அடித்தளம். அங்கு மருத்துவமனைப் பணியாளன் ஒருவனால் கொடுந்தாக்குதலுக்கு உள்ளானார். நாய்ச் சங்கிலியால் கழுத்து நெரிக்கப்பட்டு மூளைக்கு உயிர்வளி செல்வது தடைப்பட்டது. மறுநாள் காலைதான் அவரைக் கண்டெடுத்தார்கள். அவர் தெளிந்த நினைவுக்கு மீளவே இல்லை.

குற்றம் அந்த ஒருவனுடையது, ஐயமில்லை. ஆனால் ஒரு செவிலியர் சீருடை மாற்ற ஆளில்லாத அடித்தளத்துக்குச் செல்வதும், ஓர் இரவு முழுவதும் அவரைக் காணோமே என்று எவரும் தேடாததும் அமைப்பின் குற்றமல்லவா? செவிலியர் வேலைநிறுத்தம் செய்து, தங்கள் பணிச்சூழலைத் திருத்துமாறு கேட்டார்கள். 1973-இல் உடை மாற்ற ஓர் அறை. 2024-இல் ஓய்வெடுக்க ஓர் அறை. ஐம்பது ஆண்டு இடைவெளியில் கேள்வி மாறவில்லை.

கதை அதோடு முடியவில்லை. 1980-களில் மாநகராட்சி அருணாவை அம்மருத்துவமனையிலிருந்து வெளியேற்ற இரு முறை முயன்றது. கணக்கு எளியது: தேறாத ஒரு நோயாளி, அடைபட்டுக் கிடக்கும் ஒரு கட்டில். செவிலியர் மறுத்துப் போராடினர், மாநகராட்சி கைவிட்டது. 2015 மே 18 அன்று நிமோனியாவால் இறக்கும் வரை, 41 ஆண்டுக்கு மேலாக, தலைமுறை தலைமுறையாக வந்த செவிலியர் அவருக்கு ஊட்டினார்கள், குளிப்பாட்டினார்கள், புரட்டிப் படுக்க வைத்தார்கள். இத்தனை ஆண்டும் படுத்த படுக்கையாய் இருந்தவர் உடம்பில் படுக்கைப் புண் இல்லை. உடலியல் அறிந்தவர்க்கு இதன் அருமை தெரியும். அழுத்தம் பட்ட தோலுக்கு இரத்தம் செல்லாவிட்டால் சில மணி நேரத்திலேயே திசு கெடத் தொடங்கும். ஆகவே பகலும் இரவும் இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது செவிலியர் வழக்கம். அப்படித் திருப்பிய கைகள் எத்தனை, திருப்பிய தடவை எத்தனை! அவருக்கு ஊட்டுவதை நிறுத்தக் கோரிய வழக்கில், 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. இத்தனை ஆண்டும் பேணிய மருத்துவமனைப் பணியாளரே அவருக்கு உற்ற நண்பர் என்றது.

இந்த உழைப்பை எந்த மெமோ வாங்கித் தந்தது? எந்த அபராதம் வாங்கித் தந்தது? பணியாளரிடம் கடமை உணர்ச்சி இல்லை, ஆகவே கட்டுப்பாடு தேவை என்பாருக்கு, பரேல் வார்டு சொல்லும் விடை இது.

கணக்கில் வராத செலவு

நிருவாகிகள் அறிவில்லாதவர்களா? இல்லை. அவர்கள் மேசைக்கு வரும் தாளில் சில எண்கள்தாம் இருக்கின்றன: சம்பளச் செலவு, கட்டில் நிரம்பிய விழுக்காடு, கையுறைச் செலவு. தொற்றிய நோய், உறக்கமின்றி நேர்ந்த பிழை, வேலையை விட்டுப் போன செவிலியரின் அனுபவம் ஆகியவை அத்தாளில் இல்லை. கண்ணுக்குத் தெரியும் செலவைக் குறைத்து, தெரியாத செலவைப் பெருக்குவதே இதன் முடிவு.

செல்வம் மிகுந்த நாடும் இதற்கு விலக்கன்று. இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டு மருத்துவமனை 2006-07-இல் ஒரு கோடி பவுன் மிச்சம் பிடிக்க முனைந்து, பணியிடங்களைக் குறைத்தது. மேலிடத்துக்குக் காட்டும் இலக்குகளை எட்டுவதிலேயே கண்ணாய் இருந்தது. நோயாளிகள் குடிக்கத் தண்ணீர் இன்றியும், அழுக்குப் படுக்கையிலும் கிடந்தார்கள். செவிலியர் சொன்ன குறைகள் மேலே ஏறவில்லை. 2013 பெப்ரவரியில் வெளிவந்த ராபர்ட் பிரான்சிஸ் விசாரணை அறிக்கை 290 பரிந்துரைகளை வழங்க வேண்டியதாயிற்று. மிச்சம் பிடித்த பணத்தைவிட இழந்த மதிப்பு பெரிது; இழந்த உயிருக்கோ ஈடே இல்லை.

நம் நாட்டில் பணியாளருக்கு வழி காட்டும் ஏடுகளும் இல்லாமல் இல்லை. 2016 சனவரி 29-இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையின்படி மத்திய அரசு அமைத்த குழு, தனியார் மருத்துவமனைச் செவிலியரின் சம்பளத்தை ஆராய்ந்தது. 200 கட்டிலுக்கு மேற்பட்ட மருத்துவமனை மாநில அரசுச் செவிலியருக்கு இணையாகத் தர வேண்டும். ஐம்பது கட்டிலுக்குக் குறைந்ததும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை ஆண்டுகள் பல கடந்தது. அதற்கு இணங்காத மருத்துவமனைகள் இன்னும் பல.

செய்யத்தக்கவை

தீர்வு கூறாமல் குறை மட்டும் கூறுவது அறிவியல் ஆகாது. ஒரு கொள்கையை எழுதும் முன் நிருவாகி மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளட்டும். முதலாவது: இக்கட்டளைக்குக் கீழ்ப்படிய எத்தனை நிமிடம் ஆகும்? அந்த நிமிடம் பணியாளரிடம் இருக்கிறதா? இரண்டாவது: இவ்விதியால் ஒருவர் உண்மையை மறைக்க நேருமா? காய்ச்சலை மறைக்கச் செய்யும் விதியும், பிழையை மறைக்கச் செய்யும் விதியும் நோயாளிக்குப் பகை. மூன்றாவது: வார்டில் நிற்பவரைக் கேட்டாயிற்றா?

மூன்றாவது கேள்வியின் பயனைக் காண நாம் ஜெனீவா போக வேண்டா. தாராவியிலிருந்து நடந்தே போகலாம். 1989-இல் சயான் மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி ஒன்று தொடங்கப்பட்டது. ஆசியாவிலேயே முதலாவது என்று போற்றப்படுவது அது. அதைத் தொடங்கியவர், அங்கேயே பச்சிளங்குழந்தைகளைப் பேணி வந்த மருத்துவர் ஆர்மிடா பெர்னாண்டஸ். எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு எது குறை என்பதை, நாள்தோறும் அக்குழந்தையின் அருகில் நின்றவர் அறிந்தார். அவர் அறிந்ததற்கு மருத்துவமனை இடம் தந்தது. நல்ல நிருவாகம் என்பது இவ்வளவுதான்.

தமிழ் மன்றத் தோழர்களே, நம்மில் சிலர் நாளை மருத்துவர் ஆவோம். சிலர் நிருவாகப் படிப்புப் படித்து, மருத்துவமனைகளின் மேசைகளிலேயே அமர்வோம். ஆயாக்களின் பிள்ளைகளும் செவிலியரின் தம்பிமாரும் நம்மில் உண்டு. அந்த மேசையில் அமரும் நாளில், தாளில் உள்ள எண்களோடு நான்காம் கூறையும் சேர்த்து எண்ணுவோம். பேணுபவர் உண்டாரா, உறங்கினாரா, காய்ச்சலாய் இருக்கிறாரா, உடை மாற்ற அவருக்கு ஓர் அறை உண்டா என்று கேட்போம். இவை சிறிய கேள்விகள். ஆனால் கட்டிலில் கிடப்பவரின் உயிர் இச்சிறு கேள்விகளின் விடையில்தான் இருக்கிறது.